மாத்திரையோடு வந்து மாத்திரையோடு போன அம்மை

இந்த ஊரில் சித்திரை மாதத்து மதியத்தில் தெருக்குழாயைத் திறந்தால் வெந்நீர் வருகிறது. அடுப்பு இல்லை, விறகு இல்லை, வெயில் குடித்த இரும்புக் குழாய்தான். குமாரபாளையத்துக்காரர்கள் அதை ஒரு விஷயமாகவே பேசுவதில்லை. குடத்தைப் பிடித்து நிழலில் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். இலங்கையில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், விடியற்காலையில் தகரப் பானையில் தண்ணீர் காய்ச்சி ஆறு பேர் பங்குபோட்டு முகம் கழுவியவள் நான். இங்கே வந்து பத்து வருடத்துக்கு மேலாகிறது. இன்னமும் அந்தக் குழாயடியில் என் கை ஒரு தரம் பின்னால் இழுத்துக்கொள்கிறது. பிறந்தது லயத்தில், குடியிருப்பது லைன் வீட்டில். அங்கேயும் ஒரே கூரைக்குக் கீழே பத்து வாசல், இங்கேயும் பத்து வாசல். அங்கே எங்களை இந்தியாக்காரர்கள் என்றார்கள், இங்கே சிலோன்காரர்கள் என்கிறார்கள். அது உங்களுக்கும் தெரிந்த கதை. நான் எழுத வந்தது வேறு.

என்னோடு ஒரே கப்பலில் ராமேஸ்வரத்தில் இறங்கி எங்கெங்கோ சிதறிப்போனவர்களுக்கும், இன்னும் மலையிலேயே இருக்கிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்லும் விஷயத்தில் பிழை இல்லை. ஊர் மாறிய நமக்கு உடம்பில் எது வந்தாலும் அதற்கு ஊர் மாறியதுதான் காரணம் என்று சுற்றியிருப்பவர்கள் சொல்லிவிடுவார்கள். நாமும் தலையாட்டிவிடுவோம். நான் ஒரு தடவை தலையாட்டவில்லை.

வந்து ஏழாவது வருடம் என் உடம்பு உருகத் தொடங்கியது. சோறு முன்னைவிட இரண்டு மடங்கு தின்றேன், ரவிக்கை தொளதொளத்துக்கொண்டே போனது. தறிப்பட்டறையில் எனக்குத் தார் சுற்றும் வேலை, அதாவது நெசவுக்கான நூலைச் சின்னக் குச்சிகளில் ஏற்றிக் கொடுப்பது. கை நடுங்கி நூல் அறுந்துகொண்டே இருந்தது. சும்மா உட்கார்ந்திருந்தாலும் நெஞ்சுக்குள் தறி ஓடியது. வியர்வை என்றால் வியர்வை, குளித்துவிட்டு வந்த மாதிரி. லைன் வீட்டுக்காரி பாப்பாத்தி அக்காதான் பட்டறைக்கும் சொந்தக்காரி. முதல் வாசலில் குடியிருந்துகொண்டு மற்ற ஒன்பது வாசலையும் கண்ணில் வைத்திருப்பவள். அவள் உடனே காரணம் சொல்லிவிட்டாள்.

“மலையில குளுந்து கெடந்த ஒடம்பு கண்ணு. எங்கூரு வெயிலு உருக்குது. வேறொண்ணுமில்ல.”

“ஏழு வருசமா உருக்காத வெயிலு இப்பதான் உருக்குதாக்கா?”

“மெல்லமாத்தான் உருக்கும்.”

என் வீட்டுக்காரர் வேறு காரணம் வைத்திருந்தார். நான் கவலைப்படுவதற்கென்றே பிறந்தவள் என்பது அவர் தீர்மானம். அதில் பொய்யும் இல்லை. வீட்டைப் பூட்டிவிட்டு, பவானிக்குப் போகும் காவேரிப் பாலம் வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். “கப்பல் ஏறின பொறகும் லயத்துக் கதவச் சாத்துனோமான்னு கேட்டவளாச்சே நீ. நெஞ்சு அடிக்காம என்ன செய்யும்?” என்பார். பாலத்துக்கு அந்தப் பக்கம், பவானியில் இருந்த டாக்டரிடம் போனேன். நம் பழக்கத்தில், “ரொம்ப வருத்தமா இருக்குங்க” என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அன்பாகக் கேட்டார், “ஊர் ஞாபகமா? அங்கே யாரெல்லாம் இருக்காங்க?” கூடப் பிறந்த அக்கா இருக்கிறாள் என்றேன். ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார். நோயைத்தான் நாம் வருத்தம் என்போம் என்பது அவருக்குத் தெரியாது. அவர் கேட்டது எதற்கு என்பது எனக்குத் தெரியவில்லை. அப்படியே நாலு மாதம் போனது.

கழுத்து முன்பக்கம் வீங்கின பிறகுதான் அவர் ரத்தம் எடுத்து அனுப்பினார். கழுத்தில் தைராய்டு என்று ஒரு சுரப்பி இருக்கிறதாம், அது எனக்கு அளவுக்கு மேல் வேலை செய்கிறதாம். தோட்டத்தில் வளர்ந்த உடம்பில் ஏதோ ஒன்று அளவுக்கு மேல் வேலை செய்வதில் எனக்கு ஆச்சரியமில்லை. அதை அடக்க ஒரு சின்ன மாத்திரை கொடுத்தார். தினம் மூன்று வேளை, ஒரு வேளை விடக்கூடாது, விட்டால் இருதயம் கெட்டுப்போகும் என்றார். கவலைக்காரியிடம் இதைச் சொன்னால் போதாதா? நாள்தாள் காலண்டரில் ஒவ்வொரு தாளிலும் மூன்று கோடு போட்டுத்தான் கிழித்தேன். கிழித்த தாளையும் எறியவில்லை. பாஸ்போர்ட் கொடுத்த இடத்தில், கப்பலில், முகாமில், எல்லா இடத்திலும் நம்மிடம் தேதிதானே கேட்டார்கள். அன்றிலிருந்து எனக்குத் தேதியை எறியப் பயம்.

மூன்றாவது வாரம் கைகளில் அரிப்பெடுத்தது. மறுநாள் கழுத்து, முதுகு, முகம் எல்லாம் சிவந்து சிவந்து தடித்தது. பாப்பாத்தி அக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள். “தொடாத சாமி. ஆத்தா வந்திருக்கறா.” அரை மணி நேரத்தில் நிலையில் வேப்பந்தழை செருகியாகிவிட்டது. தாளிக்கக் கூடாது, கறி மீன் கூடாது. “மாத்திரயெல்லாம் எடுத்துப் பரணுல வெய்யி. ஆத்தா இருக்கற ஊட்ல மருந்து ஆவாது.” நானும் கும்பிட்டுக்கொண்டுதான் எடுத்து வைத்தேன். தோட்டத்திலும் அம்மை வந்தால் இதைத்தானே செய்தோம். ஆறே நாளில் எல்லாம் அடங்கி, வேப்பிலைத் தண்ணீர் ஊற்றினார்கள். ஆத்தாள் எங்களைச் சீக்கிரம் விட்டுவிட்டாள் என்று அக்காவுக்குச் சந்தோஷம்.

டாக்டருக்கு இல்லை. யாரைக் கேட்டு நிறுத்தினாய் என்று சத்தம் போட்டார். திரும்பவும் தொடங்கினேன். இந்தத் தடவை மூன்று வாரம் எடுக்கவில்லை. இரண்டாம் நாளே உடம்பெல்லாம் தடித்து, உதடு பணியாரம் மாதிரி உப்பிவிட்டது. மாத்திரை பரணுக்குப் போனது, தழை நிலைக்கு வந்தது. பாப்பாத்தி அக்கா எட்ட உட்கார்ந்துகொண்டு, “மறுக்கா வாராளே. உங்கூரு ஆத்தாளுக்கு ஏதாச்சும் வேண்டுதல் பாக்கி வெச்சுப்போட்டு வந்தீங்களா?” என்றாள்.

பாக்கி இருந்தது. என் மகளுக்கு மூன்று வயதில் காய்ச்சல் கண்டபோது, தோட்டத்து மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுப்பதாக வேண்டியிருந்தேன். திருவிழாவுக்கு முன்பே எங்களுக்குக் கப்பல் நாள் வந்துவிட்டது. தீச்சட்டிக்காக நிறுத்தி வைக்க அது யார் வீட்டுக் கப்பலுமில்லை. இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லிவிட்டேன். அக்கா தலையை மெல்ல ஆட்டினாள். மறுநாள் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, ரொம்பத் தன்மையாகத்தான் சொன்னாள்.

“பத்து ஊட்லயும் கொழந்தைக இருக்குது சாமி. நான் அல்லாருக்கும் பதில் சொல்லோணும். என்ற அண்ணன் தோட்டத்துல சாளை ஒண்ணு சும்மாதான் கெடக்குது. ஆத்தா எறங்கற வரைக்கும் அங்க போயி இருங்க.”

சாளை என்பது காட்டுக்குள் மாடு கட்டும் கொட்டகையை ஒட்டிய குடிசை. அவர் கோபப்படவில்லை. உள்ளே வந்து பெட்டியை இழுத்தார். கப்பலுக்குக் கட்டின அதே தகரப் பெட்டி. “அவங்க சொல்றதும் ஞாயந்தானே” என்றார். அந்தப் பெட்டி சிமெண்டுத் தரையில் இழுபடும் சத்தத்தைக் கேட்டதும் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. ஒரு நாட்டிலிருந்து போ என்றார்கள், வந்தோம். மறுபடியும் மூட்டையா? “பெட்டிய வைங்க. நா எங்கயும் போகமாட்டேன்” என்றேன். நான் அப்படிப் பேசி அவர் கேட்டதில்லை. பெட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

அன்றைக்கு உட்கார்ந்து காலண்டர் தாள்களைத் தரையில் வரிசையாகப் பரப்பினேன். கோடு இருக்கும் தாள், கோடு இல்லாத தாள். தடிப்பு வந்த நாளுக்குப் புள்ளி வைத்தேன். ஐந்தாம் வகுப்புக்கு அது போதும். கோடு நின்ற ஆறாம் நாளில் புள்ளியும் நின்றிருந்தது. மறுபடி கோடு தொடங்கியதும் புள்ளியும் தொடங்கியிருந்தது. ஆத்தாளாக இருந்தால் மாத்திரையோடு வந்து மாத்திரையோடு போவாளா? கடல் தாண்டித் தேடி வருகிறவள் டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டா வருவாள்?

தடிப்பு அடங்கியதும் டாக்டரிடம் போய் வாயால் சொன்னேன். அவர் சிரித்தார். “ஆயிரம் பேருக்கு இதைக் குடுத்திருக்கேன்மா. ஒருத்தருக்கும் வரலை. மலையிலேருந்து வந்தவங்களுக்கு இந்தச் சூட்டுல தோல் இப்படித்தான் தடிக்கும். பாதி மாத்திரையாச் சாப்பிடுங்க.” பாப்பாத்தி அக்காவுக்குக் கடல், இவருக்கு மலை. மாத்திரையை மட்டும் யாரும் குற்றம் சொல்வதாக இல்லை. சரி என்று வந்தேன். காலையில் குளித்து, பாப்பாத்தி அக்காவை வரச்சொல்லி, கையில், கழுத்தில், முகத்தில் ஒன்றுமில்லை என்று காட்டிவிட்டு, அவள் கண் முன்னாலேயே பாதி மாத்திரையை விழுங்கினேன். தாளில் ஒரு கோடு போட்டேன். நீங்கள் யாரும் இப்படிச் சோதித்துப் பார்க்காதீர்கள். மூச்சு அடைத்துச் செத்துப்போயிருக்கலாம் என்று பிறகுதான் எனக்குச் சொன்னார்கள்.

மதியத்துக்குள் முகம் தடித்துவிட்டது. “வாங்கக்கா, டாக்டர்கிட்டப் போலாம்” என்றேன். அவள் வருவாள் என்று நினைக்கவில்லை. வந்தாள். கையில் ஒரு வேப்பங்கொத்தோடு, என்னை விட்டுப் பத்தடி தள்ளி வந்தாள். நான் முந்தானையால் முகத்தை மூடவில்லை. உச்சி வெயிலில் காவேரிப் பாலத்தில் முன்னால் சிவந்த முகத்தோடு நானும், பின்னால் வேப்பங்கொத்தோடு அவளும். எதிரே வந்தவர்கள் ஒதுங்கிக் கும்பிட்டார்கள். ஒரு லாரிக்காரர் வண்டியை மெதுவாக்கிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

டாக்டர் மேசையில் தாள்களை அடுக்கினேன். “எத்தனாவது படிச்சிருக்கீங்க?” என்று கேட்டார். “அஞ்சாவது. கோடும் புள்ளியும் எண்ண அது போதுங்க” என்றேன். அவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். என் கையைத் திருப்பிப் பார்த்தார். பாப்பாத்தி அக்காதான் முதலில் பேசினாள்.

“ஏனுங்க டாக்டரு, மாத்திரை தின்னா இப்படி வருமுங்களா?”

“சில பேருக்கு வரும். இது அம்மை இல்லம்மா, அலர்ஜி.”

“அத இவ நேத்தே வந்து சொன்னாளாமே. உங்களுக்குக் காது கேக்கலீங்களா?”

டாக்டர் பேனாவை எடுத்தார். முதல் தடவையாக அந்தத் தடிப்பைப் பற்றி என்னிடம் கேள்வி கேட்டார். காய்ச்சல் வந்ததா, தொண்டை புண்ணானதா, எந்தத் தேதி? இந்த மாத்திரை சிலருக்கு ரத்தத்தையும் கெடுக்கும், தொண்டை வலி வந்தால் அன்றைக்கே ஓடி வரவேண்டும் என்பதையும் அப்போதுதான் சொன்னார். பிறகு ஒரு சீட்டில் மாத்திரையின் பெயரைச் சிவப்பு மையில் எழுதி, மேலே குறுக்கே கோடு அடித்து, இந்த நோயாளிக்கு இது ஒத்துக்கொள்ளாது, கொடுக்கக் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நான் சொன்னதை இன்னொருவர் அப்படியே காகிதத்தில் எழுதிக் கொடுத்தது வாழ்க்கையில் அதுதான் முதல்முறை.

கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், நெஞ்சடிப்புக்கு வேறு மாத்திரையும், பாலில் கலந்த அயோடின் சொட்டுகளும் கொடுத்து உடம்பைத் தயார் செய்து, கழுத்தில் ஆபரேஷன் செய்தார்கள். பாப்பாத்தி அக்கா பார்க்க வந்தாள். இன்றைக்கும் அவள் தன் பக்கத்தை விட்டுக்கொடுப்பதில்லை. “நாங் கட்டுன வேப்பந்தழைக்குப் பயந்துதான் நீ மாத்திரைய நிறுத்துன. நிறுத்துனதாலதான் பொழச்ச. அப்ப காப்பாத்துனது ஆரு?” அந்த வருடம் காளியம்மனுக்குத் தீச்சட்டி எடுத்தேன். அங்கே வேண்டியதை இங்கே செலுத்தலாமா என்று யாரையும் கேட்கவில்லை. அக்கா என் பக்கத்திலேயே நடந்தாள், பத்தடி தள்ளி அல்ல.

போன வாரம் தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுப்பவரிடம் உட்கார்ந்திருந்தேன். என் கூடப் பிறந்த அக்கா இன்னும் அங்கே தோட்டத்தில்தான் இருக்கிறாள். அங்கே இப்போதிருக்கிற கலவரத்தில் போவேனோ மாட்டேனோ, பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும் என்று ஒரு பயம். கண்டியில் கொடுத்த பழைய பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்து எழுதிக்கொண்டே வந்தவர், அங்க அடையாளத்தில் நின்றார். இடது கையில் வெட்டுத் தழும்பு என்று அதில் இருந்தது. சின்ன வயதில், தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தி பட்டது. அவர் நிமிர்ந்து என் கழுத்தைப் பார்த்தார்.

“சிலோனுங்களா? இந்த ஊரு தண்ணி ஒத்துக்கலையாட்ட இருக்குது.”

“தண்ணி ஒத்துக்கிச்சு, வெயிலு ஒத்துக்கிச்சு. ஒரே ஒரு மாத்திரைதான் ஒத்துக்கல. கழுத்துத் தழும்பையும் எழுதுங்க.”

“ஒண்ணு போதுமுங்க. பழசுலயே இருக்குதே.”

“ரெண்டு கோடு விட்டிருக்கில்ல? ரெண்டையும் எழுதுங்க.”

அவர் அலுத்துக்கொண்டு எழுதினார். முதல் கோட்டில் கை, இரண்டாம் கோட்டில் கழுத்து. சரியாக எழுதுகிறாரா என்று எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மை காயும் வரைக்கும், மலையில் வெட்டுப்பட்ட கையால் இந்த ஊரில் தைத்த கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தேன்.