இடது கைக்கு ஒரு நகல்

தாளை இடது கையால் வைத்து, மூடியை இடது கையால் அழுத்தி, பொத்தான் வலது பக்கம் இருப்பதால் உடம்பைக் குறுக்கே வளைத்து அதையும் இடது கையாலேயே தட்டுகிறார். பச்சை வெளிச்சம் கண்ணாடிக்கு அடியில் ஓடி முடிவதற்குள் அதே கை மேசை விளிம்பில் கிடக்கும், நூல் பின்னும் குரோஷா ஊசியை எடுத்துவிடுகிறது. இரண்டு கண்ணி. தாள் வந்து விழுகிறது. ஊசி கீழே போகிறது. அடுத்த தாள்.

தெரு முனையில் நகல் எடுக்கும் கடை அவருடையது. பெயர்ப்பலகையில் ஏதோ பெயர் இருக்கிறது. யாரும் படித்ததாகத் தெரியவில்லை. சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் ‘ஜெராக்ஸ் அக்கா’. பதினோரு ஆண்டுகளாக என் மாணவர்களின் கேள்வித்தாள்களை அவரிடம்தான் கொடுக்கிறேன். நகல் எடுக்கும்போதே படித்தும்விடுவார். “டீச்சர், ஏழாவது கேள்வியும் பன்னெண்டாவது கேள்வியும் ஒண்ணுதான். பசங்க சந்தோஷப்படுவாங்க. அப்படியே விட்டுடட்டுமா?”

வாடிக்கையாளர்கள் கையெழுத்துப் போட ஒரு பேனாவைக் கயிற்றில் கட்டி மேசையில் அவர்களுக்கு இடது ஓரமாகத் தொங்கவிட்டிருக்கிறார். கயிறு எட்டாமல் மற்றவர்கள் குறுக்கே சாய்ந்து தவிப்பார்கள். யாராவது முணுமுணுத்தால், “அம்பத்து மூணு வருஷமா நான் எட்டி எட்டித்தான் எழுதறேன். நீங்க ஒரு நிமிஷம் எட்டுங்களேன்” என்பார், சிரிக்காமல்.

சென்ற மழைக்காலத்தில் ஒருநாள் ஸ்டேப்ளருக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் நூல்கண்டு வந்து உட்கார்ந்தது. யாருக்கு என்று கேட்டேன்.

“எனக்குத்தான். சால்வை, ஸ்வெட்டர்னு பெரிய ஆசையெல்லாம் இல்ல டீச்சர். உள்ளங்கை அகலத்துல ஒரே ஒரு சதுரம். அது வந்தாப் போதும்.”

ஏன் என்பதை ஒரே நாளில் சொல்லவில்லை. ஒரு கேள்வித்தாளுக்கு ஒரு துண்டு வீதம் சொன்னார்.

அவருடைய அம்மா ஓர் அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்தவர். மாலையில் வீடு திரும்பியதும் சன்னலோரப் பெஞ்சில் உட்கார்ந்து குரோஷா போடுவார். ரேடியோவுக்கு உறை, தண்ணீர்க் கூஜாவுக்கு மூடி, தலையணைக்கு ஓரம். “எங்க வீட்ல உறை போடாமத் தப்பிச்சது அப்பா ஒருத்தர்தான்.” மூத்த மகளுக்கு ஒன்பது வயதிலேயே கை வந்துவிட்டது. இளையவளான இவருக்கு எட்டு வயதானபோது இவரையும் அம்மா தன் வலப்பக்கம் உட்கார வைத்துக்கொண்டார். அம்மாவின் வலது முழங்கையும் மகளின் இடது முழங்கையும் ஓயாமல் இடித்துக்கொண்டன. இடப்பக்கம் மாற்றி உட்கார வைத்தார், இடிப்பது நின்றது. ஆனால் அம்மாவின் விரல் போகிற வழியைப் பார்த்துச் செய்தால் இவருடைய நூல் முறுக்கிக்கொண்டு எதிர்த்திசையில் போனது. ஊசியை வலது கையில் கொடுத்துப் பார்த்தார். அந்தக் கை விறகுக்கட்டை மாதிரி கிடந்தது. நான்காம் நாள் அம்மா ஊசியை வாங்கிக்கொண்டு சொன்னார்: “உன் கைக்கு இது வராதுடா கண்ணு. நீ நூலைப் பிடி.”

“திட்டியிருந்தா வீம்புக்காவது கத்துக்கிட்டிருப்பேன். கண்ணுன்னு சொல்லிட்டாங்க. அதுக்கு மேல என்ன பண்றது?”

அதன்பின் பல ஆண்டுகள் அவர் நூல் பிடித்தார். பெஞ்சில் அம்மாவும் மூத்தவளும். கீழே தரையில் இரண்டு கண்டுகளோடு இவர், சிக்கு விழாமல் விட்டுக்கொடுத்தபடி. மேலே கண்ணி எண்ணும் முணுமுணுப்பு. “நூல் ஓடற வேகத்தை வெச்சே சொல்லிடுவேன், அம்மா ஆபீஸ் கோவத்துல இருக்காங்களா, இல்ல மனசுக்குள்ள பாட்டு ஓடுதான்னு. எங்க அக்காவுக்கு அது தெரியாது. அவ கண்ணியத்தான் பாத்துட்டிருந்தா.” இதைச் சொல்லும்போது அவருடைய இடது கை விரல்கள் இரண்டு, நடுவில் நூல் இருப்பதைப் போல, மெல்ல உரசிக்கொண்டன.

அம்மா போய்ப் பன்னிரண்டு ஆண்டுகளாகின்றன. உறைகள் எல்லாம் தொலைவில் இருக்கும் தமக்கையின் பெட்டியில். “என்கிட்ட ஒண்ணுகூட இல்ல. குடுன்னு கேக்கவும் வாய் வரல. சரி, நானே போட்டா என்னன்னு தோணுச்சு.”

தோன்றியது சுலபம். நூலகத்திலிருந்து எடுத்துவந்த புத்தகத்தில் படத்துக்குப் படம் வலது கைகள். அவற்றை மனத்துக்குள் திருப்பிப் போட்டுப் பின்னுவார். மூன்றாவது வரிசையில் குழம்பி இழுத்துப் பிரித்துவிடுவார். ஒவ்வொரு வரிசையிலும் கடைசிக் கண்ணி ஒன்று காணாமல் போய்க்கொண்டே இருந்தது. ஒருநாள் முக்கோணம் ஒன்றைத் தூக்கிக் காட்டினார். “நாலு மூலைக்குத்தான் ஆரம்பிச்சேன். ஒரு மூலை எந்தப் பக்கமா எறங்கிப் போச்சுன்னே தெரியல.” சிரித்தார். பிறகு, “அம்மா சொன்னது சரிதான் போல” என்றார். அப்போது சிரிக்கவில்லை. ஒரு வாரம் நூல்கண்டு மேசையில் இல்லை.

அந்த வாரக் கடைசியில் நான் கடையில் நின்றிருந்தபோது தையல்காரர் ஒருவர் வந்தார். பனியனில் தேய்த்து ஒட்டுவதற்குச் சில எழுத்துகள் வேண்டுமாம். துணியில் நேராக விழ, தாளில் அவை இடவலம் மாறி இருக்கவேண்டும். ஜெராக்ஸ் அக்கா இயந்திரத்தில் எதையோ மாற்றிவிட்டுப் பொத்தானைத் தட்டினார். கண்ணாடியில் தெரிவதைப் போல எழுத்துகள் திரும்பி வந்தன. தாளைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

“என்னம்மா, தப்பா வந்துடுச்சா?” என்றார் தையல்காரர்.

“இல்லண்ணே. ஒரு நிமிஷம்.”

மேசை இழுப்பறையிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்தார். முதல் பாடத்தை விரித்துக் கண்ணாடியில் கவிழ்த்தார். வந்த தாளை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். ஊசி இடது கையில் இருந்தது. நூல் வலது விரலில் சுற்றியிருந்தது. எல்லாம் அவர் பிடிக்கிற மாதிரியே.

“டீச்சர்,” என்றார் தாழ்ந்த குரலில், “இது என் கை.”

வரிகளெல்லாம் புரண்டு போய், ஓர் எழுத்துகூடப் படிக்க முடியவில்லையே என்று சொன்னேன்.

“பொரண்டா பொரளட்டும். நாப்பத்தஞ்சு வருஷமா நான் பொரட்டிப் பாத்துட்டேன். இனிமே அது பொரளட்டும்.”

இருபத்துநான்கு பக்கங்களையும் எடுத்து முடிக்கும்வரை தையல்காரர் ஓரமாக நின்று காத்திருந்தார். போகும்போது தன் பையிலிருந்து நான்கு குண்டூசிகளை எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் போனார், தாளைச் சுவரில் குத்திக்கொள்ள.

சென்ற வாரம் தமக்கை ஊரிலிருந்து வந்திருந்தார். கடையில் எனக்கு முன்பே வந்து, மேசைக்கு அந்தப்பக்கம் ஸ்டூலில், தங்கைக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார். தங்கை பின்னுவதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவர் சட்டென்று சொன்னார்.

“ஏண்டி, இப்படி எதிர்ல உக்கார வெச்சு சொல்லிக் குடுத்திருந்தாலே போதுமே! கண்ணாடி பாக்கற மாதிரி அப்படியே வந்திருக்குமே. அம்மாவுக்குத்தான் தோணல, எனக்காவது தோணியிருக்கக் கூடாதா?”

“உனக்கு அப்ப பதிமூணு வயசு. விடுக்கா.” ஊசி நிற்கவில்லை. “அப்படிக் கத்துக்கிட்டிருந்தா நானும் உங்களோட பெஞ்சுலதானே உக்காந்திருப்பேன்? கீழ இருந்ததாலதான் அம்மா காலை என் முதுகுல சாச்சு வெச்சுப்பாங்க. ஆபீஸ்லேருந்து நடந்து வந்த கால். கதகதன்னு இருக்கும். அது உனக்குக் கிடைக்கலையே.”

தமக்கை மூக்கைத் துடைத்துக்கொண்டு, கடைசி வரிசை முடிந்த மஞ்சள் சதுரத்தைக் கேட்டு வாங்கினார். நான்கு மூலையும் இருந்தன. உள்ளங்கையில் பரப்பி, வரிசை வரிசையாக விரலால் தடவிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

“மூணாவது வரிசைல ஒரு கண்ணி விட்டுட்டே பாரு. அம்மாவா இருந்தா விடமாட்டாங்க. இழுத்துப் பிரிச்சா அஞ்சே நிமிஷம், நான் சரி பண்ணித் தந்துடறேன்.”

முடிச்சுப் போடாத ஓரத்தில் கடைசிக் கண்ணி இன்னும் திறந்தே இருந்தது. நூலை ஓர் இழுப்பு இழுத்தால் அத்தனை வரிசையும் கலைந்துவிடும். தமக்கையின் விரல்கள் நூலைப் பற்றியும்விட்டன.

ஜெராக்ஸ் அக்கா எழுந்து, சதுரத்தை அவர் கையிலிருந்து எடுத்துக்கொண்டார். கத்தரியால் நூலை நறுக்கினார். நுனியைத் திறந்திருந்த கடைசிக் கண்ணிக்குள் நுழைத்து, இனிப் பிரியாதபடி இழுத்து இறுக்கினார்.