ஜானவாசக் காருக்கு வாங்கிய பாட்டரி

பாட்டரியின் அளவைக் கணக்கிட ஒரு முறை உண்டு. மணிக்கணக்கில் எரியும் விளக்குகளின் தேவையைக் கூட்டிக்கொண்டு, ஓரிரு நொடியே வந்து போகும் பெரிய மின் இழுப்பைத் தனியாகப் பார்க்க வேண்டும். துணைமின்நிலையங்களில் இதைச் சரிபார்த்தே தலை நரைத்து ஓய்வு பெற்றவள் நான். இரண்டாவதை மறந்துவிட்டு வந்து நின்ற இளம் பொறியாளர்களை என்னால் முழுதாகத் திட்ட முடிந்ததில்லை. எல்லோரும் சித்தப்பா ஜாடையில் தெரிவார்கள்.

ஸ்ரீரங்கத்தில் அத்தையின் கல்யாணத்துக்கு முந்தைய மாலை. மாப்பிள்ளையைத் திறந்த காரில் ஊர்வலமாக அழைத்துவரும் ஜானவாசம். வாடகைக் காரின் பாட்டரி செத்துப்போயிருந்ததால் வேறொன்று வாங்கி மாட்டும் பொறுப்பு சித்தப்பாவுக்கு. அவருக்கு வேலை இல்லை. தில்லை நகரில் மோட்டார் பட்டறை வைத்திருந்த மாப்பிள்ளையின் அப்பா, எங்கள் சம்பந்தி மாமா, கல்யாணம் முடிந்ததும் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். ஆகவே சித்தப்பா முறையாக இறங்கினார். காரைச் சுற்றிய வண்ண பல்புகளை எண்ணி, ஊர்வலம் முடியும்வரை அவை எரிய எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போட்டு, தென்னூர் கடையில் விளக்குக்கென்றே செய்த பாட்டரியை வாங்கிவந்தார். மாட்டும்போது எங்களுக்கும் விளக்கினார். மாப்பிள்ளையும் நின்று கேட்டார். டிரைவர் பழக்கதோஷத்தில் ஆட்களைத் தள்ளச் சொல்லியே காரைக் கிளப்பியதை யாரும் கவனிக்கவில்லை.

வழக்கப்படி பெண்வீட்டுக் குழந்தைகள் காரில் ஏறிக்கொண்டோம். மாப்பிள்ளையை ஒட்டிய இடம் எனக்கு. அவர் மடியில், சீர்த் தாம்பாளத்திலிருந்து யாரோ எடுத்துக் கொடுத்த கற்கண்டுப் பொட்டலம்.

சித்திரை வீதி முனையில் நாகஸ்வரக்காரர் ராகத்தில் இறங்கிவிட்டார். எஞ்சின் கொதித்துவிடுமே என்று டிரைவர் அணைத்தார். பல்புகள் ஜொலித்தன, சித்தப்பாவின் முகமும். ராகம் முடிந்து டிரைவர் ஸ்டார்ட்டரைத் தொட்டதும் ‘டுக்’ என்று ஒரு சத்தம். அத்தனை பல்பும் கங்குபோல மங்கின. கையை எடுத்ததும் பழையபடி பளிச்சென்று எரிந்தன.

“லைட்டெல்லாம் எரியறதே, பாட்டரில என்ன குறை?” என்றார் சித்தப்பா.

“கார்த்திகைக்கு வாசல்ல வெச்சுக்கோங்கோ,” என்றது மாப்பிள்ளை வீட்டுக் கூட்டத்தில் ஒரு குரல்.

சம்பந்தி மாமா பானெட்டைத் திறந்து பார்த்தார். “இது கொஞ்சங் கொஞ்சமாக் கொடுக்கற பாட்டரி. ஸ்டார்ட்டருக்கு ஒரே மூச்சுல வேணும். யார் வாங்கினது இதை?”

சித்தப்பா குனிந்து பாட்டரியின் ஒயரை இறுக்கிப் பார்த்தார்.

“நான்தான்,” என்றார் அப்பா. பள்ளியில் சமஸ்கிருதம் நடத்துபவர், டார்ச் லைட்டில் பாட்டரிக் கட்டையைத் தலைகீழாகப் போடுபவர். “தம்பி வேண்டாம்னான். நான்தான் கேக்கலை.”

“அதானே பார்த்தேன்! உமக்கெதுக்கு ஸ்வாமி இந்த வேலையெல்லாம்?” சம்பந்தி மாமா சிரித்துவிட்டார்.

நான் விடுவேனா? முறை தவறினால் பொறுக்காத குணம் அப்போதே உண்டு. “இல்லே மாமா, சித்தப்…” என்று ஆரம்பித்தேன். மாப்பிள்ளை பெரிய கற்கண்டாகப் பார்த்து என் வாயில் திணித்தார்.

காரைத் தள்ளித்தான் கிளப்பினார்கள். அடுத்த மாதமே சித்தப்பா பட்டறையில் சேர்ந்தார்.

நானோ கற்கண்டைக் கடிக்காமல் உருட்டிக்கொண்டே மண்டபம்வரை வந்தேன். இத்தனை குழந்தைகள் இருக்க எனக்கு மட்டும் ஏன் அவ்வளவு பெரிய கட்டி? தீர யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன்: புது அத்திம்பேருக்கு என்னை ரொம்பப் பிடித்துவிட்டது.