விருந்தாளி கிளம்ப ஒன்பது வாரம் விளக்கு

ராகு காலத்தில் எலுமிச்சம்பழம் பிழிந்து துர்க்கைக்கு விளக்குப் போடுகிற என் அக்கா தங்கைகளே, எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் கோபமாகத்தான் சொல்வேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் ஆவணியில் என் மாமனாரும் மாமியாரும் சிங்கப்பூரிலிருந்து திருக்கோகர்ணத்தில் உள்ள எங்கள் வாடகை வீட்டுக்கு வந்தார்கள். அங்கே பெரிய மகனோடு இருப்பவர்கள். ஒரு மாதம் இருப்பதாகப் பேச்சு. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். நான் முப்பது நாளுக்கே தயாராக இருந்தேன். புரட்டாசி போனது, தீபாவளியும் போனது. பெட்டி மட்டும் நகரவில்லை.

எங்கள் வீட்டில் இரண்டே அறை. என் மகள் தாரணி பிளஸ் டூ. அவளுடைய அறையைத்தான் அவர்களுக்குக் கொடுத்தோம். பிள்ளை ஹாலில் உட்கார்ந்தால் மாமனாரின் டிவி அலறும். புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு வந்தால், "தாளிக்கிற நெடியில எப்புடிப் படிப்பா? சிங்கப்பூர்ல பிள்ளைகளுக்குத் தனி ரூமு" என்பார் மாமியார். இங்கே தனி ரூமில் படுத்திருப்பது யார் என்று வாய் வரைக்கும் வரும். விழுங்கிவிடுவேன்.

தீபாவளி முடிந்து வைத்த தேர்வில் தாரணி கெமிஸ்ட்ரியில் ஃபெயில். அதுவரை ஒரு பாடத்திலும் தவறாத பிள்ளை. அவள் அழக்கூட இல்லை. "விடும்மா, நான் எங்கிட்டுப் போயி படிக்க?" என்றாள். அதைக் கேட்டு நான்தான் அழுதேன்.

கணவரிடம் சொன்னேன். "அம்மாதான் போக மாட்டேங்குது. பெத்தவங்ககிட்ட எப்பப் போறீங்கன்னு கேக்கச் சொல்றியா?" என்று என் மேல் எரிந்து விழுந்தார். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவரை அப்படிக் கேட்பது கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதற்குச் சமம். கிளம்புகிறவர்கள்கூட 'போயிட்டு வாரேன்' என்றுதான் சொல்வார்கள். மனுஷரிடம் கேட்க முடியாததைத் தெய்வத்திடம் கேட்போம் என்று ஒன்பது வெள்ளிக்கிழமை விளக்குப் போடுவதாக நேர்ந்துகொண்டேன். நேர்ந்ததை நிறைவேறும் வரை வெளியே சொல்லக் கூடாது அல்லவா. ரேஷன் கடைக்கு, தையல் கடைக்கு என்று பொய் சொல்லிவிட்டுப் போனேன்.

பக்தியோடு கும்பிட்டேன் என்று சொன்னால் துர்க்கையே சிரிப்பாள். சண்டைதான் போட்டேன். "ஒனக்குக் கண்ணு இருக்கா? பரீட்சைக்குப் போற பிள்ளை அடுப்படியில கெடக்குது. அவங்கள அனுப்பு, இல்ல என்னைய எங்கிட்டாவது அனுப்பு." ஐந்து வாரம் விளக்கு எரிந்தது. குளிர் வருகிறது என்று மாமியார் பெட்டியிலிருந்து போர்வையை எடுத்ததுதான் மிச்சம்.

ஆறாவது வெள்ளி நான் கோவிலுக்குப் போகக் கூடாத நாளாகிவிட்டது. ஒரு வாரம் விட்டுப்போகிறதே என்று பதறி, அடுத்த செவ்வாய் மூன்று மணிக்கு மேல் போனேன். செவ்வாய்க்கு அதுதானே ராகு காலம். சன்னதியில் ஒரு அம்மாள் எலுமிச்சை மூடியைப் பிழிந்து, உள்பக்கம் வெளியே வரத் திருப்பிக்கொண்டிருந்தார். என் மாமியார். வாக்கிங் போவதாகச் சொல்லிவிட்டு வந்தவர்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இருப்பது போதாதென்று இன்னும் என்ன வேண்டுகிறார்? நேர்ந்ததைக் கேட்கக் கூடாது என்பதெல்லாம் மறந்துபோய்க் கேட்டுவிட்டேன்.

"எதுக்கு அத்தை இந்த வெளக்கு?"

அவர் மூடியைக் கீழே வைத்தார். "ஊருக்குப் போக வழி விடணும்னுதான் ஆத்தா. எட்டு வாரமாப் போடுறேன்."

"ஒங்கள யாரு பிடிச்சு வச்சிருக்கா?"

"நீதான. பிள்ளைக்குப் பரீட்சை முடியிற வரைக்கும் நாங்க ஒத்தாசைக்கு இருக்கணும்னு நீ கேட்டியாம். நாங்க போனா நீ ஒடஞ்சு போயிருவேன்னு எம் மகன்தான் சொன்னான். நீ மொகத்தத் தூக்கி வச்சிருந்ததெல்லாம், நாங்க போயிருவோமேங்கிற வருத்தம்னு நெனச்சேன்."

சொல்லுங்கள், யார் மேல் கோபப்படுவது? பெற்றவர்களை வைத்துப் பார்க்கிற பிள்ளை என்று நாலு பேரிடம் பெயர் வாங்க என் கணவருக்கு ஆசை. சோறு வடித்தது நான். அறையைக் கொடுத்தது என் மகள். பெயர் மட்டும் அவருக்கு. அதற்காக என்னிடம் அம்மாவைச் சொல்லி, அம்மாவிடம் என்னைச் சொல்லி, நாலு மாதம் இரண்டு பேரையும் வாயடைத்து வைத்திருக்கிறார். இதை எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அத்தையும் நானும் ஒரே ஆட்டோவில் வீட்டுக்கு வந்தோம். சாயங்காலம் கணவர் வந்ததும் அத்தைதான் கேட்டார். "ரெண்டு பேரும் நல்லாருக்கணும்னுதாம்மா..." என்று இழுத்தார் அவர்.

"நல்லாருந்தது நீ மட்டுந்தாண்டா" என்றார் அத்தை. அந்த ஒரு வார்த்தையில் அத்தை மேல் எனக்கிருந்த கோபம் பாதி இறங்கிவிட்டது.

பொங்கல் முடிந்து கிளம்பினார்கள். போகிற அன்று அத்தையே அறையைப் பெருக்கி, தாரணியின் புத்தகங்களை மேசையில் அடுக்கிவைத்தார். பிள்ளை கெமிஸ்ட்ரியில் தேறி இப்போது கல்லூரிக்குப் போகிறாள். பாக்கி வாரங்களுக்கும் நன்றியோடு விளக்குப் போட்டு முடித்தேன். அந்த வாரங்களில் நான் சண்டை போடவில்லை.

விருந்தாளியை அனுப்பு என்றுதான் நான் கேட்டேன். துர்க்கையோ என் வெள்ளிக்கிழமையைத் தட்டிவிட்டு, செவ்வாய்க்கிழமை கூப்பிட்டு, உண்மையை என் முன்னால் உட்கார வைத்தாள். மனசு கொதித்தாலும் அவளிடம் போங்கள். திட்டினாலும் கேட்டுக்கொள்வாள், கைவிட மாட்டாள். ஆனால் பழம் வாங்குவதற்கு முன்னால், வீட்டில் இருப்பவர்களிடம் ஒரு தடவை நேராகக் கேட்டுவிடுங்கள்.

வருகிற ஆவணியில் மறுபடி வருகிறார்கள். இருபது நாள். அத்தையும் நானும் போனில் பேசி முடிவு செய்துவிட்டோம். என் கணவருக்குத் தேதியை மட்டும் சொன்னோம்.