ஊட்டியிலிருந்து வந்த பைன்

சித்தியைப் பெண் பார்க்க வந்தவர்கள், பூவும் பழமும் போதாதென்று, தொட்டியில் ஒரு கிறிஸ்துமஸ் மரத்தையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஈஜிபுராவிலிருந்த எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். எனக்கு எட்டு வயது. வருஷா வருஷம் அப்பா எங்கிருந்தோ வெட்டிக்கொண்டு வரும் சவுக்குக் கிளையில் நட்சத்திரம் கட்டியே பழகியவள் நான். வேரோடு ஒரு மரம் வந்து இறங்கியதும், கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்றே முடிவுசெய்துவிட்டேன்.

சித்தி அம்மாவின் தங்கை. எங்களோடு தங்கி எம்.எஸ்ஸி. தாவரவியல் படித்துக்கொண்டிருந்தாள். பைன் வகைகளின் லத்தீன் பெயர்களை அவள் உரக்கப் படிப்பதும் ஜெபமாலை சொல்வதும் என் காதுக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

மாப்பிள்ளை வாயே திறக்கவில்லை. அவருடைய அப்பாதான் பேசினார், அதுவும் என் அப்பாவிடம். ஈஸ்டர் கழிந்ததும் கல்யாணம். சந்தாபுராவில் அவர்கள் வீட்டு மாடியில் குடித்தனம். "படிச்ச வரைக்கும் போதும். வீட்டைப் பாத்துக்கிட்டா சரி" என்றார். அப்பா சிரித்தபடி தலையாட்டினார். சித்தி குல்குல் பலகாரத் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள்.

அப்புறம்தான் மாப்பிள்ளையின் அப்பா சித்தி பக்கம் திரும்பினார். "ஊட்டிலேர்ந்து வரவழைச்ச அசல் பைன்மா இது. நீ செடி கொடியெல்லாம் படிக்கிறியாமே, இது என்ன ஜாதி பைன்னு சொல்லு பாப்போம்."

அம்மா கண்ணாலேயே கெஞ்சினாள். சித்தி தட்டைக் கீழே வைத்துவிட்டு, கிளையைத் தொட்டுப் பார்த்தாள்.

"இது பைனே இல்ல அங்கிள். பைன்ல இலை ஊசியா, ரெண்டு மூணு அஞ்சுன்னு கொத்துக் கொத்தா வரும். இதுல பாருங்க, கொத்தே இல்ல, ஒத்தை ஒத்தையா கிளை பூரா சுத்தி வந்திருக்கு. இது அராகேரியா. குடும்பமே வேற."

"எதுவா இருந்தா என்னம்மா, கிறிஸ்துமஸ் மரம்தானே?"

"கிறிஸ்துமஸ் மரம்தான் அங்கிள். பைன் இல்ல."

அவர் சிரித்தார். கூட யாரும் சிரிக்கவில்லை.

பெண்ணுக்கு வாய் ஜாஸ்தி என்று கோயில் உபதேசியார் மூலம் இரண்டு நாளில் சேதி வந்தது. அம்மா அழுதாள். மரத்தைத் திருப்பிக் கேட்க அவர்களுக்கும் கூச்சம், கொடுத்தனுப்ப எங்களுக்கும் கூச்சம். அதனால் நட்சத்திரத்தை அதில்தான் கட்டினேன். ஆனாலும் கல்யாணம் போய்விட்ட கோபம் எனக்கு ஆறவில்லை.

"ஒரே ஒரு தடவ பைன்னு சொல்லியிருந்தா என்ன சித்தி?"

"என்னைக் கேட்டாங்கல்லடி" என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் புத்தகத்தைத் திறந்தாள்.

அது எனக்கு ஒரு பதிலாகவே படவில்லை. அன்று அத்தனை பேர் கூடிப் பேசியதில், அவளிடம் கேட்கப்பட்ட கேள்வி அது ஒன்றுதான் என்பதை நான் கவனித்திருக்கவில்லை.