வானோடு வந்த மெட்டும் குணத்தின் நடுத்துண்டும்

இந்த நாட்டில் மீன் வாங்கப் போனால் மீன்காரரின் சத்தம் கேட்காது, சாக்ஸபோன் கேட்கும். நாகோயாவுக்கு வெளியே நான் இருக்கும் சிற்றூரில் ஒரு சுப்பர் மார்க்கட் இருக்கிறது. அங்கே மீன்கள் தட்டுகளில் பொலித்தீன் போர்த்திக்கொண்டு மரியாதையாகப் படுத்திருக்கும். மேலே கூரை ஸ்பீக்கரிலிருந்து நாள் முழுக்க ஏதோ ஒரு சுறுசுறுப்பான வாத்திய இசை வந்துகொண்டே இருக்கும். மட்டக்களப்புப் பக்கம் எங்கள் ஊரான பெரியகல்லாற்றில் செவுளைத் தூக்கிப் பார்த்து, விலையைக் கேட்டு நெஞ்சில் கை வைத்து, "என்னகா, மீனா விக்கிறாய், ஆனையா விக்கிறாய்?" என்று நாலு வார்த்தை பேசாமல் மீன் வாங்க முடியாது. இங்கே வாயைத் திறக்கவே தேவையில்லை. அப்படி வாய் திறக்காமல் நின்ற ஒரு பின்னேரம்தான் அந்த ஸ்பீக்கரிலிருந்து எங்கள் குணத்தின் மியூசிக் வந்தது. கையில் இருந்த தட்டோடு அப்படியே நின்றுவிட்டேன்.

பக்கத்தில் மீன் அடுக்கிக்கொண்டிருந்த பெண்ணிடம், எனக்குத் தெரிந்த ஜப்பானிய மொழியில், "இந்த இசை... இது என்ன?" என்று கேட்டேன். அவள் முகம் சிவந்துவிட்டது. திரும்பத் திரும்பக் குனிந்து மன்னிப்புக் கேட்டாள், உள்ளே ஓடினாள், ஸ்பீக்கரின் சத்தம் குறைந்தது. நான் முறைப்பாடு செய்கிறேன் என்று நினைத்துவிட்டாள் பாவம். அட கடவுளே, கூட்டிவிடு பிள்ளை, ஊர் முழுக்கக் கேட்கட்டும் என்று சொல்ல எனக்குச் சொல் வரவில்லை.

குணம் என்கிற குணசீலன் எங்கள் இசைக்குழுவின் கீபோட்காரன், என் சிநேகிதன். நான் தாளத்துக்கு ரிதம் பாட் அடித்தேன். கிட்டாருக்கும் பாட்டுக்கும் அண்ணன் தம்பி இருவர் இருந்தார்கள். அம்மன் சடங்கு, கலியாணம், பாடசாலை விழா என்று எங்கே கூப்பிட்டாலும் போவோம். எங்களை ஏற்றி இறக்கிய காத்தான்குடி வான்காரர் ஒருவர், நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணன், ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் வான் ஒன்றை வாங்கினார். அந்தக் காலத்தில் அப்படி வரும் வான்களுக்குள் பழைய சொந்தக்காரர் மறந்துவிட்ட ஏதாவது கிடக்கும். இந்த வானின் கசெட் பெட்டிக்குள் ஒரு கசெட் கிடந்தது. "என்ன எழுத்தெண்டே விளங்குதில்ல. எனக்கு என்னத்துக்கு? நீங்கதானே பாட்டுக்காரங்க, வெச்சிக்கங்க" என்று நானா தந்துவிட்டார். போட்டுக் கேட்டோம். சும்மா சொல்லக் கூடாது, வாயடைத்துப் போனோம். பாட்டே இல்லாமல் ஒரு மெட்டு இவ்வளவு சந்தோஷமாக ஓடுமா என்று இருந்தது. குணம் அதைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் படித்தான். பாதி படித்திருக்கும்போது கசெட் பெட்டி நாடாவை மென்று தின்றுவிட்டது. கசங்கின பகுதியை வெட்டி எறிந்து, மீதியை செலோடேப்பால் ஒட்டினோம். மெட்டின் நடுவில் ஒரு துண்டு போயே போய்விட்டது.

"இனி இத எப்படி அடிக்கிறது?" என்று நான் தலையில் கை வைத்தேன்.

"நீ சும்மா இரு மச்சான். உடைஞ்ச இடத்தில பாலத்த நான் கட்டுறன்" என்றான் குணம்.

கட்டினான். அவனே இசையமைத்த அந்த நடுத்துண்டு, கண்ணகி அம்மனின் கோபம் தணியப் பாடும் குளிர்த்தி மெட்டைப் போலத் தொடங்கும். கோயில் மணலில் இருக்கும் பெண்கள் கும்பிடக் கை தூக்குவார்கள். அதற்குள் மெட்டு நழுவி வேறெங்கோ போய், மறுபடி ஜப்பான்காரரிடம் சேர்ந்துவிடும். தூக்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் சிரிப்பார்கள். எந்த மேடையிலும் எங்கள் ஆரம்ப இசை அதுதான். முழுவதும் அவனுடையது என்று நினைத்து ஊர் அதைக் 'குணத்தின்ர மியூசிக்' என்றது. அதைக் கேட்டுத்தான் மலர் அவனை விரும்பினாள். கலியாணம் முடித்து, எங்கள் வழக்கப்படி அவன் அவள் வீட்டுக்குக் குடிபோனான்.

அந்த வீடு கடற்கரைப் பக்கம். சுனாமி கீபோட்டையும் கசெட்டையும் எங்கள் மேடை வீடியோக்கள் எல்லாவற்றையும் கொண்டுபோனது. அண்ணன் தம்பி இருவரையும் கொண்டுபோனது. மலரும் கைக்குழந்தை தர்சிகாவும் தப்பியது யார் செய்த புண்ணியமோ. பிறகு முகாமில் யாரோ கொடுத்த பழைய கீபோட்டில் குணம் அதே மியூசிக்கை அடித்தான். சண்டையின் கடைசி வருடங்களில் ஒரு காலை, அந்தக் கீபோட்டைத் திருத்த மட்டக்களப்பு டவுனுக்குப் போனவன் திரும்பி வரவில்லை. பிடித்தது யார், வைத்திருப்பது எங்கே, ஒன்றும் தெரியாது. அவன் படத்தைப் பிடித்துக்கொண்டு மலர் ஏறி இறங்காத படியில்லை. நான் நாட்டை விட்டு வந்துவிட்டேன்.

அதனால்தான் அந்த மீன் கடை எனக்குக் கோயிலாகிவிட்டது. தேவையோ இல்லையோ, தினமும் போனேன். முதலில் நடுத்துண்டு வரும் இடத்தில் காது தடுக்கி விழும், ஏனென்றால் அங்கே குணம் இல்லை, எங்கள் கசெட் பெட்டி தின்ற அசல் துண்டு இருந்தது. அதுவும் அழகாகத்தான் இருந்தது. போகப் போகக் காது பழகிவிட்டது.

போன மாதம் மலர் தொலைபேசியில் அழைத்தாள். தர்சிகாவுக்குக் கலியாணம் சரிவந்திருக்கிறது. "அண்ணன், பிள்ளை மணவறைக்கு வரக்குள்ள அவர்ர மியூசிக் போடணும். தகப்பன்தான் கூட வரமாட்டார், அந்த மெட்டாவது வரட்டும். உங்களிட்ட ஒரு கொப்பி கிடக்குதா?" "ஓம் தங்கச்சி, எடுத்துத் தாறன்" என்று துள்ளிச் சொன்னேன்.

சாப்பாட்டுப் பெட்டி செய்யும் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்யும் ஒகடா சானிடம் மெட்டை முனகிக் காட்டினேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஃபியூஷன்! ஜாஸும் ரொக்கும் கலந்த இசை. ஜாஸை இருட்டில் இருந்து கேட்பார்கள். இதை வெயிலில் கார் ஓட்டிக்கொண்டு கேட்போம்" என்றார். இளமையில் இதற்காகப் பைத்தியமாய் அலைந்தாராம். பிறகு அது தொலைக்காட்சியில் வானிலை அறிக்கைக்குப் பின்னணியாகி, வீடியோ கேமுக்குள் புகுந்து, இப்போது மீன் தட்டுக்கு மேலே வந்து நிற்கிறது. "இன்று யாரும் காதில் வாங்குவதில்லை" என்றபடி தன் ஃபோனில் தேடி எடுத்துத் தந்தார். என் கண் கலங்கியதைப் பார்த்து, எனக்குச் சளி, தடிமன் என்று நினைத்து முகக்கவசமும் ஒன்று தந்தார். ஒரு கோயில் வீதியே மூச்சுவிடாமல் கேட்ட மெட்டு ஐயா இது என்று அவருக்கு எப்படிச் சொல்வேன்?

மலருக்கு அனுப்பினேன். இது ஜப்பான்காரர் ஒருவருடைய மெட்டு, மன்னித்துக்கொள் என்றும் சொன்னேன். அன்று பின்னேரமே அழைத்தாள்.

"அது எனக்குத் தெரியும் அண்ணன். கலியாணம் முடிச்ச கிழமையே சொல்லிட்டார். ஆர்ர பாட்டா இருந்தா எனக்கென்ன? ஆனா நடுவுல, அவர் வாற இடத்தில, ஆளக் காணல்லியே."

அவளே தொடர்ந்து சொன்னாள்.

"அந்த இடத்த நானும் பாடிப் பாடிப் பாக்கிறன். ஒருக்கா ஒரு மாதிரி வருது, மறுகா வேற மாதிரி வருது. பக்கத்தில நிண்டு அடிச்ச ஆள் நீங்க ஒராள்தான் மிச்சம். ஒருக்காப் பாடுங்களன். இங்க பெடியன்களுக்குச் சொல்லி அடிப்பிக்கலாம்."

பாட வாயைத் திறந்தேன். மீன் கடையில் கேட்ட அசல் துண்டுதான் வந்தது. கண்ணை மூடி, மேடையை நினைத்து, குணத்தின் விரல்களை நினைத்து மறுபடி தொடங்கினேன். மறுபடியும் அதேதான். தினமும் ஆசையாய்ப் போய்ப் போய்க் கேட்டு, அவனுடைய துண்டை என் காதிலிருந்து நானே துடைத்துவிட்டிருக்கிறேன். சுனாமி வந்த பிறகும் என்னிடம் பத்திரமாக இருந்தது, மீன் கடையில் போய்விட்டது.

"தொண்டை சரியில்ல தங்கச்சி, நீ பாடு" என்றேன்.

அவள் பாடினாள். குளிர்த்தி போலத் தொடங்கி எங்கோ நழுவிப் போய் வந்தது. நன்றாக இருந்தது. ஆனால் அது குணமா, இத்தனை வருடத்தில் மலர் தானே கட்டிக்கொண்டதா, எனக்குத் தெரியவில்லை. முதல் தடவையாகக் கேட்பவனைப் போலக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"இதுதானே அண்ணன்? பிழையெண்டா சொல்லுங்க, பிள்ளைட கலியாணம்."

"ஓம் தங்கச்சி. அதேதான்."

அவள் அழுதாள். பிறகு சந்தோஷமாக, இன்னொரு முறை முதலிலிருந்து பாடத் தொடங்கினாள். மேசையில் என் விரல்கள் தாளம் போட்டன. அவளுடைய பாட்டோடு அவை சேரவில்லை. மீன் கடைத் துண்டுக்குத்தான் அடித்துக்கொண்டிருந்தன.