திரிதல் என்பதற்கு ஒரு வசனம்

வெளிநாட்டு விமான நிலையத்தில் கைபேசியைத் திறந்ததும் ‘ரோமிங்’ என்று வந்தது. அந்தச் சொல்லை நான் முதலில் கேட்டது திருகோணமலையில், ஐந்தாம் வகுப்பில்.

“ரோம் எண்டால் திரியிறது, அலையிறது. ஒரு வசனம் சொல்லுங்கோ,” என்றார் இங்கிலீஷ் மாஸ்டர்.

கோட்டைக்குள் திரியும் மான்களைச் சொல்ல நான் கையை உயர்த்தினேன். அவரோ யன்னலைப் பார்த்தார். வெளியே அப்பா போய்க்கொண்டிருந்தார். துறைமுகத்தில் வேலை போன பிறகும், காலைச் சங்கு ஊதியதும் வெள்ளைச் சட்டை போட்டு, துறைமுக வாசல்வரை நடந்துவிட்டுத் திரும்புவார்.

“அங்க பாருங்கோ, இவளின்ர தேப்பன் ரோம் பண்ணுறார். எல்லாரும் எழுதுங்கோ!”

வகுப்பு சிரித்துச் சிரித்து எழுதியது.

மாலையில் அப்பா கேட்டார்: “இண்டைக்கு இங்கிலீசில என்ன பிள்ளை படிச்சனீ?”

“ரோம், அப்பா. மான் கோட்டைக்குள்ள ரோம் பண்ணுது.”

“ஓம், மானுக்குச் சரி. மனுசரைச் சொல்லக்கூடாது. மனுசருக்குப் போக ஓரிடம் இருக்கும்.”

மறுநாள் அவர் யன்னலைக் கடந்தபோது பிள்ளைகள் கத்தினார்கள்: “ரோம்! ரோம்!”

அப்பா நின்றார். அத்தனை முகங்களுக்குள் என் முகத்தைத் தேடினார். அதன்பிறகு சங்கு ஊதினாலும் அவர் சட்டை போடவில்லை.

கைபேசியை அணைத்து வைத்தேன்.