நான் பிரித்துத் தைத்த பிளவுஸ்கள்

மகள் ஆரணியை ஹைஸ்கூலுக்கு அனுப்பாமல், மோர்னிங்சைட்டில் எங்கள் அப்பார்ட்மென்டிலேயே வைத்துப் படிப்பித்தேன். நான் தையல்காரி. அதனால் அவளுடைய விருப்பப் பாடமும் தையல்தான். ஹைஸ்கூல் சான்றிதழில் சேரும் ஒரு கிரெடிட்டுக்கு நூற்றுப்பத்து மணித்தியாலம் படித்திருக்க வேண்டும். அளவெடுப்பதிலிருந்து கை பொருத்தக் கைக்குழி வெட்டுவதுவரை பாடத்திட்டம் முழுவதையும் நானே எழுதினேன். ஆனால் அவள் கோணலாகத் தைத்த ஆறு பிளவுஸ்களை, அவள் நூலகத்துக்குப் போகும் நேரம் பார்த்து, பிரித்துத் திருப்பித் தைத்துவைத்தேன்.

அவளுடைய வேலையை மதிப்பிட்டுக் கிரெடிட் தர ஒத்துக்கொண்ட தனியார் பள்ளி ரீச்சர், ஆறு பிளவுஸ்களையும் உட்புறம் திருப்பிப் பார்த்தார்.

"எல்லாம் வடிவாத்தான் இருக்கு. பிள்ளை பிழைவிட்டுப் பழகின துணியள் எங்க?"

நான் வாய் திறக்குமுன் ஆரணி சொல்லிவிட்டாள். "அம்மா பிரிச்சுத் தைச்சிட்டா, ரீச்சர். உதுகள் என்ர வேலை இல்லை."

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ரீச்சர் கோபிக்கவில்லை. "அம்மாவுக்கு நான் கிரெடிட் குடுக்கேலாது" என்றார்.

பஸ்ஸில் ஏறியதும் சொன்னேன்: "முதல்ல இருந்து தொடங்குவம். நூற்றுப்பத்து மணித்தியாலமும்."

"நீங்கள் கை வைக்கக் கூடாது."

"ஓம், வைக்கமாட்டன்."

வைக்கவில்லை. அவள் மெஷினில் இருந்தபோதெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். இத்தனை வருடத் தையலில் அவ்வளவு கஷ்டமான வேலை நான் செய்ததில்லை. திரும்பத் தொடங்கி என் அளவுக்கு அவள் தைத்த முதல் பிளவுஸின் இடது கை முறுக்கிக்கொண்டு நின்றது. அப்படியே விட்டோம்.

கிரெடிட் கிடைத்த வாரம் ஒரு கலியாணவீட்டுக்கு அந்தப் பிளவுஸையே போட்டுக்கொண்டு போனேன். என்னிடம் தைக்கக் கொடுக்கும் அன்ரி ஒருவர் பிளவுஸின் இடது கையை உற்றுப் பார்த்தார்.

"உது ஆர் தைச்சது?"

"என்ர மகள்" என்றேன்.